நாய், பூனைகளுக்குக் கருத்தடை: ஊர்கள் கூடிச் செய்ய வேண்டிய பணி

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் சூழ்ந்துள்ள பகுதி, ஒரு தலைமுறைக்கு முன்னர் ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைவித்து வந்த சிற்றூர்களின் தொகுதியாக இருந்தது. 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் மோட்டார் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலையும், 2012இல் அதன் அருகே டைம்லர் நிறுவனத்தின் லாரித் தொழிற்சாலையும் எழுந்தன. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கத்தக்க மாபெரும் விடுதியொன்று 2024இல் திறந்து வைக்கப்பட்டது. வயல்கள் இருந்த இடத்தில் வாடகை அறைகளும், உணவு விடுதிகளும், இறைச்சிக் கடைகளும், தேநீர்க் கடைகளும் பெருகியுள்ளன.

மக்கள் கூடி உண்ணும் இடத்தில் மிச்சம் இருக்கும். மிச்சம் இருக்கும் இடத்தில் நாய் இருக்கும். பழைய கிராமத்தில் நாய்க்கு ஒரு வீடு உண்டு. அவ்வீட்டார் இட்ட பழஞ்சோற்றையும் கூழையும் உண்டு, களத்தையும் பட்டியையும் காத்து அது வாழ்ந்தது. கிடைத்த உணவின் அளவே நாய்களின் எண்ணிக்கைக்கும் எல்லையாக இருந்தது. இன்று சாலையோரத்தில் கொட்டப்படும் எச்சில் உணவும் இறைச்சிக் கழிவும் அவ்வெல்லையை நீக்கிவிட்டன. யாருக்கும் உரிமையில்லாத நாய்கள் ஊருக்கு ஊர் கூட்டமாகத் திரிவதை இப்பகுதியினர் யாவரும் அறிவர்.

இதனால் விளையும் துன்பம் சிறிதன்று. இரவு முறை வேலை முடிந்து நிறுவனப் பேருந்திலிருந்து இறங்கி இருட்டில் அறைக்கு நடந்து செல்லும் தொழிலாளி, அதிகாலையில் பால் கறக்கச் செல்லும் பெண், பள்ளிக்கு நடந்து செல்லும் சிறுவன், இருசக்கர வண்டியில் செல்வோர் ஆகிய அனைவரும் இத்துன்பத்திற்கு ஆளாகின்றனர். ஆட்டுக்குட்டிகளும் கோழிகளும் கடிபட்டு மாய்வதால் ஏழைக் குடும்பங்களுக்குப் பொருள் இழப்பு நேருகிறது. கடிபட்ட தொழிலாளி தடுப்பூசிக்காகப் பல நாள் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியிருப்பதால் கூலியையும் இழக்கிறார். எல்லாவற்றிற்கும் மேலாக வெறிநோய் என்னும் பேராபத்து உள்ளது. மனிதருக்கு வெறிநோய் பெரும்பாலும் நாய்க்கடியாலேயே வருகிறது. அறிகுறி தோன்றிய பின்னர் நோயாளியைப் பிழைக்க வைப்பது ஏறத்தாழ இயலாத செயலாகும்.

பிடித்து அகற்றினால் போதாதா?

ஊர்க் கூட்டங்களில் முதலில் எழும் யோசனை, நாய்களைப் பிடித்து வேறெங்கேனும் விட்டுவிட வேண்டும் என்பதே. வேறு சிலர் கொன்றுவிடுவதே முடிவு என்பர். இவ்விரண்டும் பயன் தருவதில்லை. ஓர் ஊரில் வாழக்கூடிய நாய்களின் எண்ணிக்கையை அவ்வூரில் கிடைக்கும் உணவே தீர்மானிக்கிறது. இருந்த நாய்களை அகற்றி, உணவை மட்டும் அப்படியே விட்டுவைத்தால், காலியான இடத்திற்குப் பக்கத்து ஊர் நாய்கள் வந்து சேரும். எஞ்சியவற்றின் குட்டிகளும் போட்டியின்றிப் பிழைத்து வளரும். மேலும், ஓர் ஊராட்சி பிடித்த நாய்களை அடுத்த ஊராட்சியின் எல்லையில் இறக்கிவிடுவது, தன் வீட்டுக் குப்பையை அண்டை வீட்டு வாசலில் கொட்டுவதை ஒக்கும். அவ்வாறு செய்வது சட்டத்திற்கும் புறம்பானதாகும்.

இதனைச் சென்னை மாநகரின் அனுபவமே நமக்குக் காட்டுகிறது. நூறாண்டுகளுக்கும் மேலாகச் சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது. ஆண்டுதோறும் பல்லாயிரம் நாய்கள் மாண்டும் தெருக்களில் நாய்கள் குறைந்தபாடில்லை. 1959இல் சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் சங்கம், கொலைக்கு மாறாகக் கருத்தடையும் தடுப்பூசியுமே வழி என நெடுங்காலம் வலியுறுத்தி வந்தது. 1996இல் மாநகராட்சி அம்முறையை ஏற்றுக்கொண்டது. பின்னர் 2001இல் மத்திய அரசு நாய்களுக்கான கருத்தடை விதிகளை வகுத்து, இம்முறையை நாடு முழுமைக்கும் உரியதாக்கியது. அவ்விதிகளுக்குப் பதிலாக 2023 மார்ச் மாதத்தில் புதிய விலங்குக் கருத்தடை விதிகள் வெளியாயின. இவையெல்லாம் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்தவை. அச்சட்டம் உருவாவதற்கு மாநிலங்களவையில் முன்னின்று முயன்றவர் சென்னையைச் சேர்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் அவர்கள். 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

கருத்தடை என்பது யாது?

உழவு மாட்டிற்குக் காயடிப்பது நம் உழவர் பெருமக்களுக்குப் புதிதன்று. நாய், பூனைகளுக்குச் செய்யும் கருத்தடையும் அதனை ஒத்ததே. ஆயினும் இது மயக்க மருந்து கொடுத்துச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சையாகும். ஆண் நாய்க்கு விரைகள் நீக்கப்படுகின்றன. பெட்டை நாய்க்கு வயிற்றில் சிறு கீறலிட்டுச் சூலகங்களும் கருப்பையும் நீக்கப்படுகின்றன. ஆணுக்குச் செய்வது எளிது. பெட்டைக்குச் செய்வதற்கு மிகுந்த பயிற்சியும், தூய்மையான அறுவை அறையும், அறுவைக்குப் பின் சில நாள் கவனிப்பும் தேவை. தெருநாயாயின் குறைந்தது நான்கு நாட்களேனும் கூண்டில் வைத்துப் பேணுதல் வேண்டும். மயக்கத்தில் இருக்கும்போதே காதில் அடையாளம் இடப்படும்; அவ்வடையாளத்தைக் கண்டு, அந்நாய்க்குக் கருத்தடை ஆகிவிட்டது என எவரும் அறியலாம். அப்போதே வெறிநோய்த் தடுப்பூசியும் போடப்படும். பிறகு, பிடித்த இடத்திலேயே நாயை விட்டுவிட வேண்டும் என்பது விதி.

பிடித்த இடத்திலேயே விடுவது ஏன் எனப் பலரும் வினவுவர். தன் எல்லையைக் காப்பது நாயின் இயல்பு. குட்டி ஈனாததும் தடுப்பூசி பெற்றதுமான நாய் தன் தெருவில் இருக்கும்வரை, தடுப்பூசி பெறாத அயல் நாய் அங்கே எளிதில் இடம் பெறாது. ஆகவே அந்நாய், தன் வாழ்நாள் முழுவதும் அத்தெருவின் காவலாகவே அமைகிறது.

எண்ணிக்கையைவிட விகிதமே முக்கியம்

இத்திட்டத்தில் மிகவும் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. எத்தனை நாய்களுக்கு அறுவை செய்தோம் என்பது பெரிதன்று. ஒரு பகுதியில் உள்ள பெட்டை நாய்களில் நூற்றுக்கு எத்தனைக்குச் செய்தோம் என்பதே பயனைத் தீர்மானிக்கும்.

ஓர் எடுத்துக்காட்டாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் நூறு நாய்கள் உள்ளன. அவற்றுள் ஐம்பது பெட்டை எனக் கொள்வோம். நாயின் சினைக் காலம் ஏறத்தாழ 63 நாட்கள். பெரும்பாலான பெட்டைகள் ஆண்டுக்கு இரு முறை பருவத்திற்கு வருகின்றன. ஒரு பெட்டை ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே ஈன்று, ஐந்து குட்டிகளையே போடுவதாக வைத்துக்கொள்வோம். ஓராண்டில் பத்துப் பெட்டைகளுக்கு மட்டும் அறுவை செய்தால், எஞ்சிய நாற்பதும் 200 குட்டிகளை ஈனும். அவற்றில் முக்கால் பங்கு மாண்டாலும் ஐம்பது நாய்கள் புதிதாகச் சேரும். செலவு செய்தும் ஊரார் கண்ணுக்கு மாற்றம் ஏதும் தோன்றாது; "இத்திட்டத்தால் பயனில்லை" என்னும் பேச்சே எழும். அதே ஊரில் ஒரே பருவத்தில் நாற்பது பெட்டைகளுக்கு அறுவை செய்தால், எஞ்சிய பத்தும் ஐம்பது குட்டிகளையே ஈனும். அவற்றில் பிழைப்பவை பன்னிரண்டு அல்லது பதின்மூன்று. முதுமையாலும் நோயாலும் இறக்கும் நாய்களுக்கு இவை ஈடாகா. ஆகவே எண்ணிக்கை மெல்லக் குறையத் தொடங்கும்.

இஃது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. இராஜஸ்தானத்தின் ஜெய்ப்பூர் நகரில் 1994 நவம்பர் முதல் 2002 டிசம்பர் வரை 24,986 தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்பட்டன. திட்டம் நடைபெற்ற பகுதியில் பெட்டை நாய்களுள் 65 விழுக்காடு இவ்வாறு பாதுகாப்புப் பெற்றன. நாய்களின் எண்ணிக்கை 28 விழுக்காடு குறைந்தது. அப்பகுதியில் மனிதருக்கு வெறிநோய் காண்பது அறவே நின்றது. இதற்கு மாறாக, சென்னை மாநகராட்சி 2024இல் எடுத்த கணக்கில் ஏறத்தாழ 1,81,000 தெருநாய்கள் இருப்பதும், அவற்றுள் சுமார் 27 விழுக்காட்டிற்கே கருத்தடை ஆகியிருப்பதும் தெரிய வந்தன. முறை ஒன்றே; பயன் வேறுபடுவது விகிதத்தால். பத்து ஆண்டுகளில் சிறுகச் சிறுகச் செய்வதை, ஒரு பகுதியில் ஓராண்டுக்குள் நெருக்கிச் செய்து முடிப்பதே அறிவுடைமை.

செலவைக் குறைப்பது எவ்வாறு?

அறுவைச் சிகிச்சைக்குப் பெருஞ்செலவாகும் எனச் சிற்றூராட்சிகள் அஞ்சுவது இயல்பே. எனினும் செலவு எங்கே ஏற்படுகிறது என்பதைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். மருந்தும், தையல் நூலும், தடுப்பூசியும், நான்கு நாள் தீனியும் ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனியே ஆகும் செலவுகள். நாய் பிடிக்கும் வண்டி, பயிற்சி பெற்ற ஆட்கள், கூண்டுகள், அறுவை அறை, கருவிகளைத் தூய்மை செய்யும் சாதனம், மருத்துவர் ஊதியம் ஆகியவை பத்து நாய்க்கும் ஒன்றே, ஐந்நூறு நாய்க்கும் ஒன்றே. எனவே ஓர் ஊராட்சி தனித்து நின்று ஐந்தாறு நாய்களுக்கு அறுவை செய்தால் ஒரு நாய்க்கு ஆகும் செலவு மிகும். பத்து ஊராட்சிகள் கூடி முறை வைத்துச் செய்தால் அச்செலவு வெகுவாகக் குறையும்.

தொழிற்பேட்டைப் பகுதிக்கு இக்கூட்டு முயற்சி வேறொரு காரணத்தாலும் இன்றியமையாததாகிறது. நாய்க்கு ஊராட்சி எல்லை தெரியாது. ஒரகடத்தில் அறுவை முடித்து, வல்லத்தில் விட்டுவிட்டால், ஈராண்டுகளில் வல்லத்துக் குட்டிகள் ஒரகடத்திற்கு வந்து சேரும். தொழிற்சாலை வளாகங்களுக்குள் வாழும் நாய்களையும், சிப்காட் நிலங்களில் திரிவனவற்றையும் விட்டுவைத்தால் ஊர்களில் செய்த பணி வீணாகும். ஆகவே ஊராட்சி ஒன்றியமே முன்னின்று, பக்கத்து ஊராட்சிகளையும் நகர்ப்புற உள்ளாட்சிகளையும் தொழிற்சாலை நிருவாகங்களையும் ஒரே திட்டத்தின்கீழ்க் கொணர வேண்டும்.

பொருளுதவிக்கும் வழிகள் உண்டு. கருத்தடைத் திட்டத்தை நடத்தும் அமைப்புகளுக்கு நாய் ஒன்றுக்கு 800 ரூபாயும், பூனை ஒன்றுக்கு 600 ரூபாயும் உதவி வழங்கும் திருத்திய திட்டத்தை மத்திய அரசு 2025இல் எடுத்துரைத்தது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இலாபம் ஈட்டும் நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அப்பணிகளின் பட்டியலில் விலங்கு நலமும் இடம்பெற்றுள்ளது. பெருந்தொழிற்சாலைகள் நிறைந்த இவ்வட்டாரத்திற்கு இஃது ஒரு நல்வாய்ப்பு. அவற்றின் தொழிலாளரே இரவு நேரத்தில் இந்நாய்களுக்கு அஞ்சி நடப்பதால், நிறுவனங்களுக்கும் இதில் நேரடியான அக்கறை உண்டு. அறுவை அரங்கும் கூண்டு வரிசையும் கொண்ட நிலையான மையம் ஒன்றை நிறுவனங்கள் கூடி அமைத்துத் தந்து, அன்றாடச் செலவை உள்ளாட்சிகள் ஏற்பின் சுமை எவருக்கும் மிகாது.

ஆனால் சிக்கனத்தின் பெயரால் தரத்தைக் குறைத்தல் ஆகாது. விலங்கு நல வாரியத்தின் திட்ட ஏற்புப் பெற்ற அமைப்பே தெருநாய்க் கருத்தடையை நடத்தலாம். தூய்மையற்ற கொட்டகையில் அவசரமாக அறுவை செய்து, அன்றே தெருவில் விடப்பட்ட நாய், தையல் பிரிந்து துன்புற்று மடியும். அதனைக் கண்ட ஊரார் அடுத்த முறை நாய் பிடிக்கும் வண்டியை ஊருக்குள் நுழைய விடமாட்டார்கள். மலிவான அறுவை என்பது மட்டமான அறுவை அன்று.

வீட்டு நாயும் பூனையும்

தெருநாய்கள் வானத்திலிருந்து விழுவதில்லை. வீட்டு நாய் ஈன்ற குட்டிகளில் ஆண்குட்டிகளை வைத்துக்கொண்டு, பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தைப் பக்கத்திலும் ஏரிக்கரையிலும் விட்டு வருவது பழகிப்போன செயலாக உள்ளது. வேலைக்காக வந்து தங்கியோர், ஊர் மாறும்போது வளர்த்த நாயை வாசலிலேயே விட்டுச் செல்வதும் உண்டு. ஆதலின் வளர்ப்போரும் தம் நாய்க்குக் கருத்தடை செய்வித்தல் கடமையாகும். அரசு கால்நடை மருத்துவமனைகளை அணுகினால் இதற்கான ஆலோசனை கிடைக்கும். சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் தொலைவில் இல்லை.

பூனையைப் பற்றியும் சொல்லல் வேண்டும். எலியை ஒழிக்க உழவர் வீட்டிற்குப் பூனை தேவையே. ஆயினும் பெட்டைப் பூனை ஐந்தாறு மாத வயதிலேயே சினையாகக் கூடும். ஒன்பது வாரங்களில் குட்டி போடும். குட்டிகள் பால் மறக்குமுன்பே மீண்டும் சினையாவதும் உண்டு. கருத்தடை செய்த பூனை எலி பிடிப்பதை விடுவதில்லை. கடுவன் பூனைக்குச் செய்தால் இரவில் கத்திச் சண்டையிடுவதும், மூலை முடுக்கெல்லாம் நாற்றமுள்ள சிறுநீரைத் தெளிப்பதும் பெரிதும் குறையும்.

அறுவைக்கு அழைத்துச் செல்வோர் சில முறைகளைக் கைக்கொள்ள வேண்டும். வளர்ந்த நாய்க்கு முந்தைய இரவுக்குப் பின் தீனி தரலாகாது. வயிற்றில் உணவு இருந்தால் மயக்கத்தில் வாந்தியெடுத்து மூச்சு அடைக்கும். குட்டிகளுக்கு இந்நேரம் மாறுபடும் ஆதலால் மருத்துவர் சொற்படி நடத்தல் நன்று. அறுவைக்குப் பின் பத்து நாட்கள் குளிப்பாட்டாமல், உலர்ந்த தூய இடத்தில் கட்டி வைத்து, தையலை நக்காதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். காயம் வீங்கினாலும், சீழோ இரத்தமோ கசிந்தாலும், மறுநாளும் உணவை மறுத்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். ஆண் நாய்க்கு அறுவை முடிந்த பின்னரும் சில வாரங்கள் வரை சினைப்படுத்தும் ஆற்றல் எஞ்சியிருக்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

"ஒரு முறை ஈன்ற பிறகே செய்ய வேண்டும்" என்பது பரவலான நம்பிக்கை. இதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. மாறாக, முதற் பருவத்திற்கு முன்பே அறுவை செய்த பெட்டைகளுக்கு முலைக் கட்டி வருவது மிக அரிது. கருப்பையில் சீழ் கோத்து உயிரைப் பறிக்கும் நோயும் வாராது. "நாய் காவலை மறந்துவிடும்" என்பதும் தவறே. காவல் உணர்வு எல்லைப் பற்றினால் வருவது. அறுவையால் அது அழிவதில்லை. உடல் பருத்துவிடும் என்பதில் ஓரளவு உண்மை உண்டு. தீனியைச் சற்றுக் குறைத்தால் அதுவும் நேராது.

அறுவையோடு சேர வேண்டிய பணிகள்

கருத்தடை செய்த மறுநாளே நாய்க்கடி நின்றுவிடும் என எதிர்பார்த்தல் ஆகாது. பருவ காலச் சண்டையும், குட்டியைக் காக்க ஈன்ற நாய் பாய்ந்து கடிப்பதும் குறையும். எண்ணிக்கை குறைவதற்குச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை உணவுக் கழிவைக் கட்டுப்படுத்தல் வேண்டும். தூய்மைக் காவலர்கள் வீடுதோறும் குப்பையைத் திரட்டுவது போலவே, உணவு விடுதிகளும் இறைச்சிக் கடைகளும் தொழிலாளர் விடுதிகளும் தம் கழிவை மூடிய கலங்களில் சேர்த்து ஒப்படைக்க ஊராட்சி ஆணையிட வேண்டும். கழிவு தெருவில் கிடக்கும்வரை கருத்தடையின் பயன் பாதியே.

வெறிநோய்த் தடுப்பூசியை ஒரு முறை போட்டதோடு விட்டுவிடாமல், காலம் தவறாது மீண்டும் போட வேண்டும். ஒரு பகுதியில் உள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவும் தொடர் அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. கடிபட்டவர் மஞ்சளோ சுண்ணாம்போ பூசாமல், காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். சொல்லப்பட்ட எல்லாத் தவணைகளையும் முடித்தல் அவசியம்.

நீதிமன்ற ஆணைகளையும் ஊராட்சிகள் அறிந்திருத்தல் நன்று. கருத்தடையும் தடுப்பூசியும் பெற்ற நாய்களை, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றும், உணவிடுவதற்குத் தனி இடங்களைக் குறித்துத் தர வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டு 22இல் ஆணையிட்டது. அவ்வாண்டு நவம்பர் 7ஆம் நாள் ஆணையில், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், இரயில் நிலையங்கள் ஆகிய இடங்களிலிருந்து பிடிக்கும் நாய்களை மீண்டும் அங்கே விடாமல் காப்பகங்களில் வைக்க வேண்டும் எனக் கூறியது. ஆகவே கூட்டு மையம் அமைக்கும்போதே காப்பகத்திற்கும் இடம் ஒதுக்குவது முன்யோசனையுள்ள செயலாகும்.

தொடக்கம் எங்கே?

முதற்பணி கணக்கெடுப்பு. ஒரே வாரத்தில், அதிகாலை வேளையில், எல்லா ஊர்களிலும் தெருத் தெருவாகச் சென்று ஆண், பெட்டை, குட்டி, காதில் அடையாளம் உள்ளது எனப் பிரித்து எண்ணுதல் வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுவினரும், கல்லூரி மாணவரும், தூய்மைக் காவலரும் இதனைச் செய்யலாம். இக்கணக்கு இல்லாமல் விகிதத்தை அறிய இயலாது. விகிதம் தெரியாமல் திட்டத்தின் வெற்றி தோல்வியும் விளங்காது. ஓராண்டு கழித்து மீண்டும் எண்ணிப் பார்த்தால், குட்டிகளின் எண்ணிக்கை குறைந்துள்ளதா என்பதே திட்டத்திற்குச் சரியான சான்றாக நிற்கும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்துக் கூடும் சபையில் நாய்த் தொல்லை பற்றிய புகாரோடு நில்லாமல், கணக்கெடுப்புக்கும் அண்டை ஊராட்சிகளுடன் கூட்டுத் திட்டத்திற்கும் தீர்மானம் நிறைவேற்றுமாறு ஊர்ப் பெரியோரும் இளைஞரும் கேட்டல் வேண்டும். ஏரி நீரைப் பங்கிட ஊர்கள் கூடிப் பேசிய மரபு இப்பகுதிக்கு உண்டு. மதகு ஒன்றுதான், பாயும் வயல்கள் பல என்பதை அன்றைய உழவர் அறிந்திருந்தனர். நாய்ப் பெருக்கமும் அத்தகைய பொதுக் காரியமே. இரவு வேலை முடிந்து வரும் மகள் அச்சமின்றி வீடு சேர்வதும், வாயில்லாப் பிராணிகள் பசியிலும் நோயிலும் பிறந்து மாயாதிருப்பதும் ஒரே முயற்சியால் கைகூடும். அம்முயற்சியை ஓர் ஊர் தனித்துச் செய்ய இயலாது. ஊர்கள் கூடினால் இயலும்.